போர்க்காலக் காதல் கடிதங்கள்: உறையைத் தூக்கி எறியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்முனைக்கும் வீட்டுக்கும் இடையே போய்வந்த காதல் கடிதங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்துப் பலர் அலமாரியையும் டிரங்குப் பெட்டியையும் துழாவத் தொடங்கியிருப்பார்கள். நல்ல காரியம். ஆனால் அதில் சொன்ன இரண்டு யோசனைகளை அப்படியே பின்பற்றினால் போனது போனதுதான். கடிதங்களை லேமினேட் செய்து வைக்கச் சொன்னது ஒன்று. உருக்கமான பகுதிகளை மட்டும் தட்டச்சு செய்துகொண்டு மற்றதை விட்டுவிடலாம் என்றது இன்னொன்று. இந்த இரண்டாவது யோசனை பார்க்கச் சாதுவாக இருக்கிறது; கெடுதல் அதில்தான் அதிகம். ஆகவே முதலில் அது.

இப்படிப்பட்ட ஒரு கடிதக் கட்டைப் பிரித்தால் கண்ணில் முதலில் படுவது கணக்குதான். ‘உன் 14ஆம் கடிதம் வந்து சேர்ந்தது. 12, 13 இரண்டும் இன்னும் வரவில்லை. பணம் கிடைத்ததா? காலுறை பத்திரமாக வந்தது.’ இப்படியே அரைப் பக்கம் போகும். வாசகருக்கு அலுப்புத் தட்டும். ஆனால் அந்த எண்களைப் போட்டவர்கள் காரணத்தோடுதான் போட்டார்கள். கப்பல் மூழ்கும், படைப்பிரிவு இடம் மாறும், ஒரே மூட்டையில் ஏழு கடிதம் சேர்ந்து வரும், அதிலும் கடைசியில் எழுதியது முதலில் கையில் கிடைக்கும். எதற்கு எது பதில் என்று தெரியாவிட்டால் இருவரும் வெவ்வேறு மாதங்களில் வாழ்ந்துகொண்டிருப்பார்கள்.

கடிதம் போகிற காலமும் ஒரே மாதிரி இல்லை. முதல் உலகப் போரில் லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க்கில் மரத்தால் கட்டிய பெரிய கொட்டகையில் படையினருக்கான தபாலைப் பிரித்தார்கள். வாரத்துக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம் கடிதங்கள். அங்கிருந்து பிரான்ஸ் போர்முனைக்கு இரண்டு மூன்று நாளில் கடிதம் போய்விடும். பதுங்குகுழியில் இருந்தவனும் அவன் காதலியும் கிட்டத்தட்ட உரையாடவே முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி அடைபட்டது. பிரிட்டனிலிருந்து எகிப்துக்குப் போகும் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயிற்று. கடிதம் சேர மாதக்கணக்கு ஆயிற்று.

ஒரு வழிக்கு ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 1 அன்று அவள் ஒரு கேள்வி கேட்கிறாள். அவன் அன்றைக்கே பதில் எழுதினாலும் அவளுக்கு அது மார்ச் கடைசி வாரம்தான் கிடைக்கும். வாரம் ஒன்று என்று எழுதுகிறவளாக இருந்தால் இடையில் பதினொரு கடிதம் எழுதிவிட்டிருப்பாள்; கேட்ட கேள்வியே மறந்துபோயிருக்கும். கட்டுகளில் காணும் ஊடல்களில் பாதி இந்தத் தாமதத்தால் வந்தவைதான். அவன் 3ஆம் தேதி, ‘இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை, என்னை மறந்துவிட்டாய்’ என்று கோபமாக எழுதிச் சாதாரணக் கப்பல் தபாலில் போடுகிறான். 5ஆம் தேதி அவளுடைய நான்கு கடிதம் சேர்ந்தாற்போல வருகிறது. அவசர அவசரமாக மன்னிப்புக் கேட்டு விமானத் தபாலில் அனுப்புகிறான். மன்னிப்பு முதலில் போய்ச் சேர்கிறது. எதற்கு மன்னிப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. என்ன தப்புச் செய்தான் என்று ஒரு மாதம் தவிக்கிறாள். அப்புறம் கோபக் கடிதம் வருகிறது. சேர்ந்த வரிசையில் அடுக்கினால் இது துரோகக் கதை மாதிரி தெரியும். எழுதிய வரிசையில் அடுக்கினால் வெறும் தபால் கோளாறு.

ஆகவே உருக்கமான வரிகளைப் பொறுக்கும் முன் ஒரு அட்டவணை போடுங்கள். எழுதிய தேதி, அஞ்சல் முத்திரைத் தேதி, சேர்ந்த தேதி, அவர்கள் போட்ட எண், எந்தக் கடிதத்துக்குப் பதில் என்று ஐந்து பத்தி இருந்தால் போதும். சேர்ந்த தேதியைப் பெற்றவர் பென்சிலால் உறை மூலையில் குறித்திருப்பது உண்டு. அதை அழுக்கு என்று ரப்பரால் தேய்த்துவிடாதீர்கள். எண்களில் விடுபட்ட இடத்தை நீங்களாக நிரப்பிப் புதிய எண் போடக் கூடாது. 31க்குப் பிறகு 36 என்றால் அந்த நான்கும் எங்கே போயின என்பதே ஒரு செய்தி.

தேதி இல்லாத கடிதம் நிறைய வரும். ‘வியாழன் இரவு’ என்று மட்டும் இருக்கும். உறையின் முத்திரை 1943 மே 18 என்றால் அது செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய வியாழன் மே 13. இவ்வளவு எளிதாக முடிந்துவிடும், அந்த உறைக்குள் இருந்தது அந்தக் கடிதம்தான் என்றால். எழுபது எண்பது வருஷத்தில் யாரோ எடுத்துப் படித்துவிட்டு வேறு உறையில் செருகியிருப்பார்கள். சோதிக்க வழி இருக்கிறது. கடிதத்தின் மடிப்பளவு உறைக்குள் சரியாக உட்கார வேண்டும். உறையில் தண்ணீர்க் கறை இருந்தால் அதே இடத்தில் கடிதத்திலும் இருக்க வேண்டும். முகவரி எழுதிய மையும் கடிதத்தின் மையும் ஒத்துப்போக வேண்டும். இந்த மூன்றில் இரண்டு பொருந்தவில்லை என்றால் அந்தத் தேதியைச் சந்தேகத்தோடுதான் எழுத வேண்டும். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால் கௌரவம் குறைந்துவிடாது.

படை அஞ்சல் முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்காது, களத் தபால் நிலையத்தின் எண் மட்டும் இருக்கும். எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அப்படி. அந்த எண் எந்த மாதம் எந்த ஊரில் இருந்தது என்பதைத் தபால்தலை ஆர்வலர்கள் போருக்குப் பின் பட்டியலாகத் தொகுத்திருக்கிறார்கள். ‘நான் இருக்குமிடத்தைச் சொல்ல முடியாது, நிறைய மணல்’ என்று கடிதம் சொல்வதை உறை சொல்லிவிடும். அந்த உறையைத் தபால்தலைக்காகக் கத்தரித்த புண்ணியவான்கள் எத்தனை பேர்!

இனித் தணிக்கை. படைவீரனின் கடிதத்தைப் பெரும்பாலும் அவன் பிரிவின் இளநிலை அதிகாரிதான் படித்தார். காலையில் எந்த முகத்துக்கு முன்னால் விறைப்பாக நிற்கிறானோ அதே முகம் இரவில் அவன் கடிதத்தைப் படிக்கிறது. அந்த நிலையில் எவன் மனம் திறந்து எழுதுவான்? கடிதம் வறட்டுத்தனமாக இருந்தால் ஆள் வறட்டு ஆள் என்று முடிவு கட்டாதீர்கள். பிரிட்டிஷ் படையில் 1915இல் பச்சை உறை என்று ஒன்று வந்தது. உள்ளே குடும்ப விஷயம் மட்டுமே இருக்கிறது என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் பிரிவிலேயே பிரிக்க மாட்டார்கள். தளத்தில் வேண்டுமானால் யாரோ முகம் தெரியாதவர் பிரித்துப் பார்ப்பார். அது எல்லோருக்கும் எப்போதும் கிடைக்கவில்லை. ஒரே ஆள் சாதா உறையில் எழுதியதையும் பச்சை உறையில் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு வேறு மனிதர்கள் எழுதியது போலிருக்கும். பச்சை உறையைத் தூக்கிப்போட்டுவிட்டால் அந்த வித்தியாசத்துக்குக் காரணமே தெரியாமல் போகும்.

அமெரிக்காவில் 1941 டிசம்பரில் பைரன் பிரைஸ் தலைமையில் தணிக்கை அலுவலகம் அமைத்தார்கள். வெளிநாட்டுத் தபாலில் சதுரங்க ஆட்டத்தின் நகர்த்தல்கள், குறுக்கெழுத்துப் புதிர்கள் போவதைக்கூட நிறுத்தினார்கள், உள்ளே சங்கேதம் இருக்கலாம் என்று. பயம் அடியோடு ஆதாரமில்லாததும் அல்ல. ஜோடிகள் புறப்படும் முன்பே ஏற்பாடு செய்துகொண்டார்கள்: பத்திகளின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஊர்ப் பெயர் வரும், உறையில் பெயருக்கு நடுவே போடும் தலைப்பெழுத்து ஒவ்வொரு கடிதத்திலும் மாறும், ஐந்தாறு உறையை வரிசையாக அடுக்கினால் இடம் தெரியும், எழுத்துகளுக்கு அடியில் ஊசியால் குத்திய புள்ளி இருக்கும். உங்கள் கையில் இருப்பதில் அப்படி ஏதாவது உண்டா என்று பார்க்க இருட்டறையில் டார்ச்சைத் தாளின் பக்கவாட்டில், மேசையோடு படுத்தாற்போலப் பிடியுங்கள். ஊசிக் குத்து, அழித்த பென்சில் தடம், மேல் தாளில் அழுத்தி எழுதியது கீழ்த் தாளில் பதிந்த பள்ளம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். ஊர்ப் பெயரைத் தணிக்கையாளர் பிளேடால் வெட்டியெடுத்த சதுர ஓட்டைகளை, தாள் கிழியாமல் இருக்கும் வரை, அப்படியே விடுங்கள். அந்த ஓட்டை மறுபக்க வரியையும் தின்றிருக்கும். படியெடுக்கும்போது இரண்டு பக்கத்திலும் ‘வெட்டப்பட்டது, சுமார் மூன்று சொல்’ என்று குறிக்க வேண்டும்.

முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த இந்தியப் படையினரின் கடிதங்களுக்கு பூலோன் நகரில் தனித் தணிக்கை அலுவலகமே இயங்கியது. எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். ஊரில் வேறொருவர் வாசித்துக் காட்டினார். கணவன் மனைவிக்கு நடுவே குறைந்தது மூன்று பேர். அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவற்றின் மூலம் இன்று இல்லை. தணிக்கை அறிக்கைக்காக ஆங்கிலத்தில் பெயர்த்தெடுத்த துண்டுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தேர்ந்தெடுத்தவர் தணிக்கை அதிகாரி. அவருக்கு வேண்டியது படையின் மனநிலை. ‘முக்கியமான பகுதி’ என்று ஒருவர் பொறுக்கினால் மிஞ்சுவது என்ன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

வெற்று அட்டை என்று தூக்கியெறியும் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் படையின் களச் சேவை அஞ்சலட்டையில் வாக்கியங்கள் அச்சிட்டே இருக்கும். ‘நான் நலம்’, ‘மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்’, ‘உன்னிடமிருந்து வெகு நாளாகக் கடிதம் இல்லை’ என்று போகும். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் அட்டையை அழித்துவிடுவார்கள் என்று அதிலேயே எச்சரிக்கை உண்டு. பெரிய சண்டை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் இவை கொத்தாக வரும். நீண்ட கடிதங்களுக்கு இடையே இந்த அட்டைகள் அடுத்தடுத்து வந்தால் அந்தத் தேதிகளைப் படைப்பிரிவின் நாட்குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த வரியை எவ்வளவு அழுத்தி அடித்திருக்கிறார் என்பதையும் பாருங்கள்.

சிறைப்பட்டவர்களின் கடிதம் வேறு வகை. 1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கையின்படி போர்க்கைதி மாதத்துக்குக் குறைந்தது இரண்டு கடிதமும் நான்கு அட்டையும் அனுப்ப வாய்ப்புத் தர வேண்டும். எதிரெதிர் நாடுகளில் மாட்டிக்கொண்ட பொதுமக்களுக்கு இரண்டாம் உலகப் போரின்போது செஞ்சிலுவை வழியாக 25 சொல்லில் செய்தி அனுப்பும் வசதி இருந்தது. ஜெனீவா சுற்றிப் போகும், பதிலை அதே தாளின் பின்பக்கத்தில் எழுதி அனுப்புவார்கள். அந்த 25 என்ற எண் பின்னர் நான்காவது உடன்படிக்கையின் 25ஆம் பிரிவிலும் ஏறியது: குடும்பக் கடிதங்களைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும் என்றாலும், 25 சொல் கொண்ட படிவம் மாதம் ஒன்று என்பதற்குக் கீழே போகக் கூடாது. இந்தப் படிவத்தில் முன்பக்கம் ஒருவர், பின்பக்கம் மற்றவர். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் ஒருவர் குரல் சுவர்ப்பக்கம் போய்விடும்.

சில ‘கடிதங்கள்’ உண்மையில் புகைப்படங்கள். 1870-71இல் பாரிஸ் முற்றுகையின்போது பலூனில் போன கடிதத்துக்கு 4 கிராம் என்று எடை வரம்பு. உள்ளே வரும் செய்திகளை நுண்படமாக்கிப் புறாவின் வாலில் கட்டினார்கள். அதே உத்தி 1941இல் பிரிட்டனில் ஏர்கிராஃப் என்றும் 1942 ஜூன் 15 முதல் அமெரிக்காவில் வி-மெயில் என்றும் வந்தது. படிவத்தில் எழுதியதைப் படச்சுருளில் எடுத்து விமானத்தில் அனுப்பி, போய்ச்சேர்ந்த இடத்தில் சிறிதாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஒன்றரை லட்சம் ஒற்றைத்தாள் கடிதம் 37 மூட்டை பிடிக்கும். வி-மெயிலில் ஒரே மூட்டை. ஆனால் பெண்கள் தாளில் உதட்டுச்சாய முத்தம் பதித்து அனுப்பியதில் சாயம் எந்திரத்தில் ஒட்டிக்கொண்டு படமெடுப்பவர்களைப் படாதபாடு படுத்தியது. உங்கள் கட்டில் உள்ளங்கை அளவில், வழவழப்பாக, கையெழுத்து பொடிப்பொடியாக ஒரு தாள் இருந்தால் அது இந்த வகை. அதன் மேல் விரல் படக் கூடாது. மற்றக் கடிதங்களோடு ஒட்டி வைக்கவும் கூடாது. புகைப்படத்துக்கு என்ன பாதுகாப்போ அதுதான் இதற்கும்.

இப்போது லேமினேஷன். அதில் நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பிளாஸ்டிக் பசையைத் தாளின் நாருக்குள் உருக்கிவிடுகிறீர்கள். திரும்ப எடுக்க வழியில்லை. தாளிலிருக்கும் அமிலமும் உள்ளேயே அடைபட்டு வேலையைத் தொடரும். செல்லோடேப்பும் அதே ஜாதி: சில ஆண்டில் பட்டை உதிரும், பசை மட்டும் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறி நிற்கும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச்சுப் பசையும் கொண்டு, பழகிய கை செய்ய வேண்டும். பழகிய கை கிடைக்காவிட்டால் கிழிந்ததைக் கிழிந்தபடியே ஒரு மடிப்புத் தாளுக்குள் வைப்பது நூறு மடங்கு மேல்.

எதனால் எழுதியது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். முதல் உலகப் போர்க் கடிதங்களில் காப்பிங் பென்சில் அதிகம். கிராஃபைட்டோடு ஊதாச் சாயம் கலந்த பென்சில் அது. உலர்ந்திருக்கும்போது சாம்பல் நிறம், ஈரம் பட்டால் பளீரென்று ஊதா. அங்கங்கே ஊதாப் பொட்டு இருந்தால் ‘கண்ணீர்த் துளி’ என்று எழுதிவிடுகிறார்கள். மழையாக இருக்கலாம், பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டதாகவும் இருக்கலாம். பழைய இரும்பு மை, அதாவது மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்த மை, எழுதிய பின் கறுத்து, காலப்போக்கில் பழுப்பாகும். அதிலுள்ள அமிலமும் இரும்பும் தாளை அரிக்கும். அழுத்தி எழுதிய இடத்தில் எழுத்தே ஓட்டையாக உதிரும். இப்படிப்பட்ட தாளுக்கு ஈரம் எமன். தண்ணீர் பட்டால் இரும்பு உப்பு சுற்றிலும் பரவி, அதுவரை நன்றாக இருந்த இடத்தையும் அரிக்கத் தொடங்கும். ஆகவே நீராவி காட்டி நேராக்குவது, ஈரத் துணி போட்டு இஸ்திரி போடுவது இரண்டும் கூடவே கூடாது. மடிப்பை இரண்டு விரலால் மெல்லப் பிரித்து, மேலும் கீழும் அமிலமற்ற தாள் வைத்து, தட்டையான அட்டையின் மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்துப் பத்து நாள் விடுங்கள். அப்படியும் நேராகாவிட்டால் போகட்டும். மடிப்பைத் திருப்பித் திருப்பி மடித்தால்தான் தாள் அங்கே அறுந்துபோகும்.

பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய ‘1942’ கடிதம் கிடைத்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அந்தப் பேனா அமெரிக்கக் கடைகளில் பரவலாக விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். கடிதம் பின்னாளில் எடுத்த நகலாக இருக்கலாம், அல்லது தேதி மட்டும் பிறகு எழுதியதாக இருக்கலாம். நகல் என்பதால் மதிப்பில்லாமல் போகாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படை அதிகாரி சல்லிவன் பலூ 1861 ஜூலை 14 அன்று மனைவிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்துக்கு இன்று நகல்கள்தான் இருக்கின்றன, மூலம் கிடைக்கவில்லை.

குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். துருப்பிடித்த கிளிப்பை இழுக்காதீர்கள். இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிட்டு, கிளிப்பின் காலை விரித்து எடுக்க வேண்டும். எந்தெந்தத் தாள் சேர்ந்திருந்தன என்பதை எடுக்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே காய்ந்த பூவோ முடிக்கற்றையோ இருந்தால் தனியாகச் சிறு காகித உறையில் வைத்து, எந்தக் கடிதத்தில் எந்தப் பக்கத்துக்கு நடுவே இருந்தது என்று அதன் மேல் குறியுங்கள். இவை பூச்சியை அழைக்கும். பூ தாளில் பழுப்பு நிழலை விட்டிருக்கும். அந்த நிழலைக் கறை என்று சுத்தம் செய்யப் போகாதீர்கள். எண் போட மென்மையான பென்சில் மட்டும், தாளின் பின்பக்க மூலையில், அழுத்தாமல்.

கடிதங்களைப் போட்டு வைக்கும் உறைகளுக்குப் பாலியெஸ்டர் நல்லது, பி.வி.சி. கூடாது, அது அமில ஆவி விடும். ஆனால் பென்சில் கடிதத்தைப் பாலியெஸ்டருக்குள் போடாதீர்கள். அதன் மின்னூட்டம் பென்சில் பொடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதற்கு அமிலமற்ற மடிப்புத் தாள்தான். பெட்டி நிறையத் திணிக்க வேண்டாம், பாதி காலியாகவும் விட வேண்டாம். தாள் சரிந்து வளையும். ஈரப்பதம் 35 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருப்பது உத்தமம். 65ஐத் தாண்டினால் பூஞ்சை வரும், இராமபாணப் பூச்சியும் வரும். மாடியறை வெந்துபோகும், தரைத்தளம் ஈரமாகும். வெளிச்சுவரில் படாத உள் அலமாரியே வீட்டில் சிறந்த இடம். நாஃப்தலீன் உருண்டையைப் பெட்டிக்குள் போடாதீர்கள்.

வெள்ளத்தில் நனைந்த கட்டைப் பிரிக்க முயலாமல் பாலித்தீன் பையில் போட்டு உடனே உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இரண்டு நாளுக்குள் பூஞ்சை கிளம்பும். உறைந்துவிட்டால் அவசரம் போய்விடும், நிபுணரைத் தேட நேரம் கிடைக்கும்.

ஸ்கேன் செய்யத் தட்டை ஸ்கேனர்தான். தாளை இழுத்து விழுங்கும் வகை வேண்டாம். அங்குலத்துக்கு 400 முதல் 600 புள்ளி, வண்ணத்தில், டிஃப் (TIFF) கோப்பாக. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஊதாப் பொட்டும் தணிக்கையாளரின் நீலப் பென்சிலும் ஒன்றாகிவிடும். உறையின் முன்பக்கம், பின்பக்கம், எழுதாத பக்கம் எல்லாமே வேண்டும். கோப்பின் பெயரைத் தேதியில் தொடங்குங்கள்: ஆண்டு, மாதம், நாள், பிறகு வரிசை எண். அப்படிச் செய்தால் கணினியே காலவரிசையில் அடுக்கிக் கொடுக்கும். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறொரு வீட்டில். படியெடுக்கும்போது எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். நான்கு வருஷத்தில் ஒருவர் எழுத்து எப்படித் தேறியிருக்கிறது என்பது அந்தப் பிழைகளில்தான் தெரியும்.

பெரும்பாலான கட்டுகள் ஒருபக்கக் கட்டுகள். வீட்டுக்கு வந்தவை பெட்டியில் தங்கின; போர்முனைக்குப் போனவை தங்கவில்லை. வீரன் சுமக்க முடியாது. எதிரி கையில் சிக்கக் கூடாது என்பதால் முன்னணிக்குப் போகும் முன் எரித்துவிடுவதும் வழக்கம். அவள் குரல் அவனுடைய பதில்களில் ஒட்டிக்கொண்டுதான் மிஞ்சியிருக்கும். ‘நீ சொன்னது சரி, அம்மாவிடம் இப்போது பேச வேண்டாம்’ என்ற ஒரு வரியில் அவள் கடிதத்தின் சுருக்கமே இருக்கிறது. இத்தகைய வரிகளைத் தனியாகத் தொகுத்தால் தொலைந்த பாதியின் கோட்டோவியமாவது கிடைக்கும். இருபக்கமும் தப்பியதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு, பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸும் அவர் மனைவி அபிகெயிலும். 1762இல் காதலிக்கத் தொடங்கியதிலிருந்து 1801 வரை, இடையில் அமெரிக்க விடுதலைப் போர் உட்பட, அவர்கள் எழுதிக்கொண்ட 1,100க்கும் மேற்பட்ட கடிதங்கள் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் உள்ளன. தற்செயலாகத் தப்பியவை அல்ல. 1776 ஜூனில் ஜான் பெரிய நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி அதில் நகலெடுக்கத் தொடங்கினார். மனைவியையும் அப்படியே செய்யச் சொன்னார். திருமணத்துக்கு முன் 1764இல் அவர் பெரியம்மைத் தடுப்புக்காகத் தனித்திருந்தபோது எழுதிய கடிதங்களை, தொற்று வரக் கூடாதென்று, புகை காட்டிய பிறகே அபிகெயில் வீட்டில் பிரித்தார்கள். பழங்கடிதத்தில் புகைப் பழுப்போ, புகை உள்ளே போகக் கத்தி நுனியால் உறையில் கீறிய துளையோ இருந்தால் தீ விபத்து என்று முடிவு கட்டும் முன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த கடிதங்கள் சில கட்டுகளின் கடைசியில் இருக்கும், பிரிக்கப்படாமலே. பெறுநரைக் காணவில்லை என்றோ இறந்துவிட்டார் என்றோ உறையின் மேல் முத்திரையும் அதிகாரியின் சுருக்கொப்பமும் இருக்கும். அதைப் பிரிப்பதா வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவு. பிரிப்பதானால் முதலில் எல்லாப் பக்கமும் படமெடுங்கள், உறையின் ஒட்டிய மேல்மடிப்பைத் தொடாமல் அதன் குறுகிய ஓரத்தைக் கூர்மையான கத்தியால் திறங்கள்.

கடைசியாகச் சட்டம். தாள் பெற்றவருக்குச் சொந்தம், எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்குச் சொந்தம். ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் தொடுத்த வழக்கில் 1741இலேயே இங்கிலாந்து நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அந்த உரிமை எழுதியவர் இறந்து குறைந்தது 50 ஆண்டு நீடிக்கும். பல நாடுகளில் அதற்கும் மேல். ஆகவே பெட்டியும் கடிதமும் உங்களிடம் இருந்தாலும் அச்சிட எழுதியவரின் வாரிசுகளிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். நிச்சயமாகிப் பின் முறிந்த உறவாக இருந்தால் அந்த வாரிசுகள் முற்றிலும் வேறு குடும்பம். ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பதானால் வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் கேளுங்கள்: இருவர் கடிதத்தையும் பிரிக்காமல் ஒரே தொகுப்பாக வைப்பார்களா, உறைகளையும் வெற்றுத் தாள்களையும் களையாமல் வைப்பார்களா, உயிரோடிருப்பவர்களைப் பற்றிய பகுதிகளை எத்தனை ஆண்டு மூடி வைப்பார்கள், ஸ்கேன் பிரதி உங்களுக்குத் தருவார்களா. முதல் இரண்டுக்கும் தெளிவான ‘ஆம்’ கிடைக்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
பழந்தாள் பாதுகாப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்